உக்கிரபாண்டி ராமேஸ்வரம் போனதற்கான ஆதாரம்

ஒரு மனிதன் ஒரு ஊருக்குப் போய் வந்தான் என்பதற்கு, அவன் அந்த ஊருக்குப் போய் வந்தது ஒருநாளும் ஆதாரம் ஆகாது. இந்த எளிய உண்மை தெரியாமல் நம் முன்னோர்கள் காசிக்கு நடந்தே போய், உள்ளங்கால் தேய்ந்து, வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்கள் போனார்கள் என்று இன்றைக்கு யாரால் நிரூபிக்க முடியும்? ஒரு போட்டோ உண்டா? காசிக்குப் போகிறேன் என்று கிளம்பி, பக்கத்து ஊர் மாமனார் வீட்டில் ஆறு மாதம் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவர்களும் அவர்களில் இருக்கலாம். இந்தப் பெருங்குறையைத் தீர்க்க வந்த மகான்கள்தான் சுற்றுலாப் புகைப்படக் கலைஞர்கள். நாம் ஊர் பார்க்கும்போது கூடவே வந்து, நாம் பார்த்தோம் என்பதை நமக்கே நிரூபித்துத் தருகிறார்கள்.

நயினார்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல்லும் மிளகாயும் போடும் உக்கிரபாண்டிக்கு ஐம்பத்தெட்டு வயது வரை இந்த மகத்துவம் தெரியாது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஜெயப்பிரியா போன் போட்டு, உங்க முப்பதாவது கல்யாண நாளுக்கு எல்லோரும் ராமேஸ்வரம் போகிறோம், நாள் முழுக்கப் படமெடுக்க ஆள் பேசியாச்சு என்றபோது, இதெல்லாம் எதுக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் சுவரில் தொங்கிய கல்யாணப் படம் கண்ணில் பட்டது.

அந்தப் படத்தில் பாண்டியம்மாள் மாலையும் கழுத்துமாக, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு நிற்கிறாள். பக்கத்தில் உக்கிரபாண்டி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பிளாஷ் அடித்த நேரம் பார்த்து இமைத்துவிட்டார். அன்றைக்குப் பிலிமும் அதோடு தீர்ந்தது. முப்பது வருஷமாக வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், மாப்பிள்ளைக்கு அப்பவே நல்ல தூக்கம் போல என்று சொல்லிவிட்டுத்தான் காப்பித் தண்ணியைக் கையில் வாங்கினார்கள். அதற்குப் பிறகு புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து நின்று படமெடுக்க வாய்க்கவே இல்லை. மகள் கல்யாணத்தில்கூட, படமெடுக்கிற நேரம் பார்த்து அவர் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். கண்ணைத் திறந்தபடி, பாண்டியம்மாள் பக்கத்தில் நின்று, ஒரு படம்.

"சரித்தா, வாரோம்" என்றார்.

கலைஞரின் பெயர் வினோத்குமார். ராமநாதபுரத்தில் 'நித்திய நினைவுகள்' என்ற நிறுவனத்தின் நிறுவனர், இயக்குநர், டிரைவர். அவரை போட்டோகிராபர் என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது. விசிட்டிங் கார்டில் 'காட்சிவழிக் கதைசொல்லி' என்று போட்டிருந்தது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே அவரிடமிருந்து வாட்ஸப்பில் சுற்றறிக்கை வந்துவிட்டது. எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும், அந்த நிறம் ஐவரி. கேமராவை யாரும் பார்க்கக் கூடாது. முக்கியமாக, சிரிக்கவே கூடாது. சிரிப்பது போன தலைமுறையின் பழக்கம். எதையோ பறிகொடுத்தவர் போலத் தூரத்தில் பார்க்க வேண்டும். இதற்கு 'கேண்டிட்' என்று பெயர், அதாவது இயல்பாக இருப்பது. இயல்பாக இருப்பதற்கான ஒத்திகை அதிகாலை ஐந்தரை மணிக்கு அக்னி தீர்த்தக் கரையில் நடைபெறும்.

லாட்ஜில் சேலையைப் பிரித்துப் பார்த்த பாண்டியம்மாளுக்குத் திக்கென்றது.

"என்னடி இது, வெள்ளச் சீலை. உங்கய்யா நல்லாத்தான இருக்காக."

"வெள்ள இல்லம்மா. ஐவரி."

ஐவரி என்பதும் வெள்ளைதான், ஆனால் விலை கூடிய வெள்ளை என்று மருமகன் மாரிச்செல்வம் பொறுமையாக விளக்கினான். பாண்டியம்மாள் அரைமனதாகக் கட்டிக்கொண்டாள். நெற்றியில் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்தாள்.

அக்னி தீர்த்தத்தில் போய் இறங்கிய பிறகுதான், வெளிச்சத் தட்டு பிடிக்கிற உதவியாளர் அன்றைக்கு ஒரு முகூர்த்தத்துக்குப் போய்விட்டார் என்ற செய்தி வெளியிடப்பட்டது. வெளிச்சத் தட்டு என்பது வண்டிச் சக்கரம் அகலத்துக்கு வெள்ளித்தாள் ஒட்டிய தட்டு. சூரியன் கொடுக்கும் வெளிச்சம் போதாது என்று கதைசொல்லிகள் கண்டுபிடித்தது. அதைப் பிடித்துச் சரித்தால் எதிரே நிற்பவர் முகத்தில் வெளிச்சம் விழும், பிடித்திருப்பவர் முகம் தட்டுக்குப் பின்னால் போய்விடும்.

"ரெண்டே நிமிஷம் பிடிங்க அங்கிள்" என்றார் வினோத்குமார்.

நாற்பது வருஷம் வெயிலில் நின்ற கை அல்லவா, ஆடவில்லை, அசையவில்லை. இப்படி ஒரு கையைத் தன் தொழில் வாழ்க்கையில் கண்டதில்லை என்று வினோத்குமார் வாய்விட்டுப் பாராட்டினார். அந்தப் பாராட்டோடு உக்கிரபாண்டியின் நாள் முடிந்தது, அவருக்குத்தான் அது தெரியவில்லை.

கடலுக்குள் முழங்கால் தண்ணீரில் மூன்று பேரும் நின்றார்கள். பத்தடி தள்ளி வேறொரு குடும்பத்துக்கு அய்யர் ஒருவர் எள்ளும் தண்ணியும் இறைக்க வைத்துக்கொண்டிருந்தார். பின்னணி பிரமாதம், மண்வாசனை இருக்கிறது என்று வினோத்குமார் அய்யரையும் படத்துக்குள் சேர்த்துக்கொண்டார். பாண்டியம்மாளுக்குத்தான் இயல்பாக இருக்க வரவில்லை. முப்பது வருஷம் கழித்துப் புருஷனோடு ஊர் பார்க்க வந்த சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

"சிரிக்காதீங்க ஆன்ட்டி. சோகமா ஏதாச்சும் நெனச்சுக்குங்க."

"என்னத்த நெனைக்க?"

"உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க உங்கள விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு வச்சுக்குங்க."

பாண்டியம்மாள் கரையில் உக்கிரபாண்டியைத் தேடினாள். தட்டுதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. நினைத்துப் பார்த்தாள். பொல பொலவென்று கண்ணீர் கொட்டியது. வினோத்குமார் அதைப் பதினேழு படம் எடுத்தார்.

ஈரத்துணியோடு கோவிலுக்குப் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவதுதான் வழக்கம். ஆனால் உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லை. கேமரா போகாத இடத்துக்கு மனிதர்கள் மட்டும் போய் என்ன செய்வது என்று வினோத்குமார் கேட்டார். எனவே லாட்ஜுக்குப் பின்புறம் நின்று, அடிபைப்பில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து, அதையே இருபத்திரண்டு தடவையாகப் பிரித்து ஜெயப்பிரியா தலையிலும் மாரிச்செல்வம் தலையிலும் ஊற்றினார்கள். தட்டு கோணாமல் இருந்தது. ராமநாதசுவாமியைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. திரும்பும்போது ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

ஒவ்வொரு இடத்திலும், அடுத்தது நீங்களும் ஆன்ட்டியும்தான் அங்கிள் என்று வினோத்குமார் சொல்லிக்கொண்டே வந்தார். பாம்பன் பாலம் தெரியும் கரையில் வெளிச்சம் கூடிப்போனது. ராமர் பாதத்தில் வெளிச்சம் குறைந்துபோனது. தனுஷ்கோடியில், மாலை வண்டிகளைத் திருப்பி அனுப்பும் நேரம் நெருங்கியபோது, உக்கிரபாண்டி தானாகவே கேட்டுவிட்டார்.

"தம்பி, இப்பயாச்சும் நான் நிக்கவா?"

"நீங்க நின்னா தட்ட யாரு பிடிக்கிறது அங்கிள்?"

நியாயமான கேள்விதான். கடைசியில் மாரிச்செல்வம் பெரிய மனது பண்ணித் தட்டை வாங்கிக்கொண்டான். உக்கிரபாண்டி சீப்பால் தலையை வாரினார். பாண்டியம்மாள் பக்கத்தில் போய் நின்றார். இமைத்துவிடக் கூடாதே என்று கண்ணை முடிந்த மட்டும் விரித்து வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அடித்த கடற்காற்றில், மாரிச்செல்வத்தின் கையிலிருந்த தட்டு எழும்பிப் பறந்து அலையில் விழுந்தது. அடுத்தவர் பொருளாயிற்றே என்று உக்கிரபாண்டிதான் இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினார். தட்டு கிடைத்தது. சட்டைப் பையிலிருந்த செல்போன் போனது. கரையேறினால் போலீஸ்காரர் விசில் அடித்துக்கொண்டிருந்தார், நேரம் முடிந்துவிட்டது. மகளும் மருமகனும் அப்படியே ராமநாதபுரத்தில் ரயிலேறினார்கள்.

படங்கள் நான்காம் நாள் வந்தன. கம்ப்யூட்டரில் போட்டு மெருகேற்றியபோது, முகத்திலிருந்த கரும்புள்ளிகள், மருக்கள் ஆகியவற்றோடு பாண்டியம்மாளின் குங்குமத்தையும் அந்த இயந்திரம் ஒரு குறையாகக் கருதி நீக்கிவிட்டிருந்தது. ஐவரி இன்னும் வெளுத்திருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'நித்திய நினைவுகள்' என்ற முத்திரை. ஜெயப்பிரியா இரண்டு நாள் உட்கார்ந்து முன்னூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு குறையும் தென்படாததால், நல்லதாக முப்பதைப் பொறுக்கி விடிகாலையில் ஸ்டேட்டஸ் வைத்தாள்.

பரமக்குடியில் அதை முதலில் பார்த்தவர் பாண்டியம்மாளின் தம்பி மலையாண்டி. அக்கா வெள்ளைச் சேலையில் நிற்கிறாள். நெற்றியில் பொட்டு இல்லை. அழுகிறாள். பக்கத்தில் மகளும் மருமகனும் தலையில் தண்ணீர் சொட்ட, எதையோ பறிகொடுத்தவர்களாக நிற்கிறார்கள். பின்னால் அய்யர். இடம் அக்னி தீர்த்தம். முப்பது படத்திலும் மச்சானைக் காணோம். மச்சானின் போனுக்கு அடித்தால் சுவிட்ச் ஆப் என்று வருகிறது. அக்காவிடம் கேட்கலாம்தான். ஆனால் துக்கத்தைப் போனில் விசாரிக்கிற ஈனப் பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. நேரில்தான் போக வேண்டும்.

துக்கத்தைவிட மலையாண்டிக்குக் கோபம்தான் அதிகம். மச்சான் செத்ததைச் சொல்லி விடவில்லை. புருஷனை இழந்தவளுக்குக் கூடப்பிறந்தவன் கோடிச் சேலை கொண்டு போவது காலங்காலமான முறை, அந்த உரிமை பறிபோனது. அஸ்தி கரைக்கிற வரைக்கும் தகவல் இல்லை. அவர் ஒன்பது மணிக்குள் கோடிச் சேலை எடுத்தார், சொந்தபந்தத்தைத் திரட்டினார், குட்டியானை வண்டி ஒன்று பிடித்தார். பிளெக்ஸ் கடைக்காரர் இறந்தவரின் படம் கேட்டபோது, தன்னிடமிருந்த ஒரே படத்தைக் கொடுத்தார். கல்யாணப் படம். அதில் உக்கிரபாண்டியை மட்டும் வெட்டியெடுத்து ஆறடிக்கு 'கண்ணீர் அஞ்சலி' தயாரானது. கண் மூடியிருந்தது ரொம்பப் பொருத்தம் என்று கடைக்காரர் சொன்னார்.

உக்கிரபாண்டி அப்போது களத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நெடிக்காக முகத்தைத் துண்டால் சுற்றிக் கட்டியிருந்தார். வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள், மலையாண்டியின் மனைவி பூமயில் தலைமையில், தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்து அவரைக் கடந்து ஓடினார்கள். பதறிப்போய் அவரும் பின்னாலேயே ஓடினார். வண்டியில் வந்த ஒருவரிடம், யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

"இங்கன ஒரு சம்சாரியாம். தங்கமான மனுசன்னு சொல்றாக."

பாவம், யாரோ என்று உக்கிரபாண்டிக்கு மனசு கனத்துவிட்டது. கூட்டம் தன் வீட்டுக்குள்ளேயே நுழைந்ததைப் பார்த்தார். பாண்டியம்மாளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், அவள் நடுவீட்டில் பூமயிலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தம்பி வீட்டில் யாரோ செத்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். கால்மணி நேரம் அந்த வீட்டில் எல்லோரும் ஒற்றுமையாக, ஆளுக்கொருவரை நினைத்து அழுதார்கள்.

உக்கிரபாண்டிதான் கடைசியில் துண்டை அவிழ்த்தார்.

"மாப்ள, யாருன்னு சொல்லிட்டு அழுங்கப்பா."

மலையாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் மச்சான்."

அழுகை நின்றது. பரமக்குடியிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. கோடிச் சேலையைப் பார்த்த பாண்டியம்மாள் தம்பியை என்ன சொல்லித் திட்டினாள் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. சேலையும் சுருட்டிய பிளெக்ஸும் வாசற்படிக்கு வெளியே போயின, கூடவே மலையாண்டியும் போனார். ஆனால் அவர் அங்கிருந்தபடியே போனை நீட்டி, நான் செய்ததில் என்ன தப்பு, நீங்களே பாருங்கள் என்றார்.

முப்பது படத்தையும் இருவரும் பார்த்தார்கள். உக்கிரபாண்டி இரண்டாம் முறையும் பார்த்தார். ஓர் ஓரத்திலாவது, ஒரு கையாவது, ஒரு வேட்டி முனையாவது இருக்காதா என்று பார்த்தார். ஊரார் நம்பியதில் தப்பில்லை என்று அவருக்கே பட்டது.

"இந்தா, நீங்க" என்றாள் பாண்டியம்மாள்.

மருமகனின் கூலிங் கிளாசைப் பெரிதாக்கிக் காட்டினாள். கண்ணாடிக்குள் கடுகளவில் ஒரு வெள்ளித் தட்டு, அதற்குக் கீழே இரண்டு கால்கள்.

"இது நானுன்னு எப்பிடித்தா தெரியும்?"

"நிக்கிற நிப்பு தெரியாதா எனக்கு."

மலையாண்டி உடனே நடைமுறைக்கு வந்தார். பரமக்குடி முழுக்கச் சொல்லியாகிவிட்டது, மச்சான் உயிரோடு இருக்கிறார் என்று வெறும் வாயால் சொன்னால் எவனும் நம்ப மாட்டான், ஆதாரம் வேண்டும் என்றார். வாசலில் இருவரையும் நிறுத்தித் தன் போனில் ஒரு படம் எடுத்தார். பாண்டியம்மாள் பழைய சுங்குடிச் சேலையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, சுற்றறிக்கைக்கு விரோதமாக வாய்விட்டுச் சிரித்தாள். உக்கிரபாண்டி மிளகாய்த் தூசி படிந்த சட்டையோடு நின்றார். நெடியில் கண் கலங்கியிருந்தது. ஆனால் திறந்திருந்தது.

அந்தப் படத்தை அவர் ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார். பிறகு, ஜெயப்பிரியாவுக்கும் அனுப்பி விடு மாப்ள, பிள்ளை சந்தோஷப்படும் என்றார்.

பிள்ளை சந்தோஷப்பட்டது. ஐந்து நிமிஷத்தில் பாண்டியம்மாளின் போனுக்குப் பதில் வந்தது. மலையாண்டிதான் வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்:

"படம் சூப்பரா இருக்கும்மா. அய்யா படத்துல இவ்வளவு நல்லா விழுவாகன்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கு ராமேஸ்வரத்துக்கு அவுகளையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே."