இஃப் என்று ஆரம்பித்தேன், ஃபேக்டரியே காலியானது

படித்தது பாதியில் மறந்துபோனால், ஞாபகமிருக்கும் பாதியை இன்னும் சத்தமாகச் சொன்னால் மீதி தானாக வந்துவிடும் என்று நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் அப்படிப் படித்து வந்தவள்தான். பத்தாம் வகுப்பில் ஒரு செய்யுளின் முதல் வரியை நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. (எருமை சாயங்காலம் திரும்பிவிட்டது. மீதி வரிகள் இன்னும் வரவில்லை.) எருமையோடு நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்தினேன்?

அப்போது நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தேன். டேபிள் என்றதும் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வருகிற ஷூவில் தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். நானோ பி.காம். படித்தவள். ஆபீசில், எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் அனுப்பும் அசிஸ்டென்ட் வேலை ஒன்று காலியானதும் முதல் ஆளாகப் போய்க் கேட்டேன். இன்டர்வியூவுக்கு வரச் சொன்னார்கள்.

நாற்காலிக்காக மட்டும் கேட்கவில்லை. வீட்டில் எனக்கு ஏலகிரியில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். லாட்ஜ் வைத்திருக்கிறவர். "எங்க வூட்டுக்கு வந்தா பொண்ணு மலைய வுட்டு எறங்கவே தேவ இல்ல" என்று அவருடைய அம்மா பெருமையாகச் சொன்னார். என் வீட்டில் அதை வசதி என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மூச்சு முட்டியது. அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார்.

"தோ பாரு சுதா, ஆபீஸ் வேல கெடச்சா கல்யாணப் பேச்ச நானே நிறுத்திட்றேன். கெடைக்கலன்னா ஞாயித்துக்கெழம அவங்க வந்து பூ வெச்சிட்டுப் போவாங்க. அவ்ளோதான்."

(இங்கிலீஷ் இலக்கணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத மனிதர். ஆனால் அவ்வளவு பளிச்சென்ற நிபந்தனை வாக்கியத்தை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.)

பஜாரில் ஒரு செல்போன் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஜாஸ்மின் மிஸ்ஸிடம் ஓடினேன். "இன்டர்வியூல, இப்படி ஆனா என்ன செய்வே, அப்படி ஆனா என்ன செய்வேன்னுதான் கேப்பாங்க. எல்லாத்தையும் இஃப் போட்டு ஆரம்பி. முழு வாக்கியமா சொல்லு" என்றார் மிஸ். லெதர் வரத் தாமதமானால் பையருக்குத் தெரிவிப்பேன், கலர் மாறியிருந்தால் கட்டிங்குக்கு அனுப்ப மாட்டேன் என்று வரிசையாக வாக்கியங்கள் தந்தார். கடைசி வாக்கியம், "இஃப் தேர் இஸ் எ ஃபயர், வீ வில் கோ டு தி அசெம்பிளி பாயின்ட்." தீப்பிடித்தால் எல்லோரும் வெளியே கூடும் இடத்துக்குப் போவோம். பையர்கள் கட்டாயம் கேட்கிற கேள்வியாம் அது.

அந்த வாரம் முழுக்க என் வாய் ஓயவில்லை. கம்பெனி பஸ்ஸில் இஃப். சாம்பார் கொதித்தால் இஃப். தூக்கத்தில்கூட இஃப் சொன்னேன் என்று என் தங்கை அம்மாவிடம் போட்டுக்கொடுத்தாள்.

இன்டர்வியூ நாளும் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுவார்கள். அன்றைக்கென்று ஜெர்மனியிலிருந்து ஒரு பையர் மேடமும் வந்திருந்தார். இன்டர்வியூவில் அவரும் உட்காருவார் என்று காலையில்தான் சொன்னார்கள். ஷூவைப் பார்க்கிறேன், கண்ணில் தையலே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் டேபிளை ஒப்படைத்துவிட்டு, ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பேஸ்டிங் செக்‌ஷன் ஓரமாக நடக்க ஆரம்பித்தேன்.

அங்கேதான் செல்வி அக்கா இருந்தார். எங்கள் ஹாலின் ஃபயர் வாலன்டியர் அவர். தலையில் சிவப்புத் தொப்பி, கழுத்தில் விசில். சாப்பிடும்போதும் அந்த விசிலைக் கழற்ற மாட்டார். பசை சட்டென்று பற்றிக்கொள்ளும் சாமான் என்பதால், எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கத்தை எல்லோருக்கும் ஊறவைத்திருந்தார்கள். யாராவது ஃபயர் என்று கத்தினால் செல்வி அக்கா விசில் அடிக்க வேண்டும். விசில் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே போய், புங்க மரத்தடியில் செக்‌ஷன் வாரியாக வரிசையில் நிற்க வேண்டும். எங்கே தீ, யார் சொன்னது என்று வாயைத் திறந்து கேட்கவே கூடாது.

"இன்னாடி சுதா, பூன மாரி சுத்திக்கினே கீற?" என்றார் செல்வி அக்கா.

"இன்டர்வியூக்கா. ரொம்ப பேஜாரா கீது."

"அதெல்லாம் நல்லா சொல்லுவ போ."

நான் சொல்லிப் பார்த்தேன். லெதர் வாக்கியம் வந்தது. கலர் வாக்கியம் வந்தது. "இஃப் தேர் இஸ் எ ஃபயர்..." அவ்வளவுதான். அடுத்த பாதி காணோம்! துடைத்துவிட்டது போல் இருந்தது. மெஷின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பழைய நம்பிக்கை எட்டிப் பார்த்தது. சத்தத்தைக் கூட்டினேன். "தேர் இஸ் எ ஃபயர்..." வரவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். "எ ஃபயர்... ஃபயர்..."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

எப்போதும் கரண்ட் போன வேகத்தில் ஜெனரேட்டர் ஓடிவிடும். அன்றைக்கு ஓடவில்லை. அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் அடங்கி, ஹால் இருட்டிப் போய், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதியில், எருமையை விரட்டிய அதே தொண்டையில், என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"ஃபயர்! ஃபயர்!"

செல்வி அக்கா விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், வாணியம்பாடி வரை கேட்டிருக்கும்.

"அக்கா, இல்லக்கா, நான் படிக்கிறேன்க்கா!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஓடக் கூடாது, நடக்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் நடந்தார்கள்தான். ஆனால் அப்படி ஒரு நடையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒருவர் மட்டும் விதியை மீறி ஓடினார். கட்டிங் செக்‌ஷனில் இருந்தவர், ஏலகிரி மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகன். ஒரு கால் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

மரத்தடியில் வரிசை நின்றது. மேனேஜர் சாரும் பையர் மேடமும் கையில் ஆளுக்கொரு ஷூவோடு சாம்பிள் ரூமிலிருந்து வந்தார்கள். செல்வி அக்கா தலையை எண்ணினார். ஓர் ஆள் குறைந்தது. மறுபடியும் எண்ணினார். அப்போது கேட்டுக்கு வெளியிலிருந்து எலக்ட்ரீஷியன் பாஸ்கர் டீ கிளாஸோடு வந்து, "இன்னா, எல்லாரும் வெளிய நிக்கிறீங்க?" என்று கேட்டான். ஜெனரேட்டர் போட வேண்டியவன் அவன்தான்.

"யார் முதலில் கத்தியது?" என்று பையர் மேடம் இங்கிலீஷில் கேட்டார். மொத்தக் கம்பெனியும் என்னைக் கைகாட்டியது. எங்கே தீயைப் பார்த்தாய் என்று மேடம் என்னிடமே கேட்டார். பயத்தில் தமிழே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆனால் தொலைந்துபோன பாதி அந்த நிமிஷம் பார்த்து ஓடிவந்தது.

"இஃப் தேர் இஸ் எ ஃபயர்," என்றேன் கணீரென்று, "வீ வில் கோ டு தி அசெம்பிளி பாயின்ட்!"

மேடம் என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மேனேஜர் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சர்ப்ரைஸ் டிரில், மேடம்" என்றார். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு ஒழுங்கான டிரில்லை எங்கேயும் பார்த்ததில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாயங்காலம் சார் என்னைக் கூப்பிட்டார். "உன் இங்கிலீஷ் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா உன்னை ஆபீஸ்ல உக்கார வெச்சா நாங்கெல்லாம் வெளியதான் நிக்கணும்." அவ்வளவுதான் இன்டர்வியூ. பஸ்ஸில் ஆம்பூரிலிருந்து வீடு வரை அழுதேன். செல்வி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். (விசிலோடுதான்.)

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டி, தலை பின்னி உட்காரவைத்தார்கள். எனக்குத் தூக்கில் போடும் நாள் மாதிரி இருந்தது. வெகுநேரம் யாரும் வரவில்லை. அப்புறம் போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பேசியது வீடு முழுக்கக் கேட்டது.

"தப்பா நெனச்சிக்காதீங்க. பொண்ணு ஒரு கத்து கத்துனா ஒரு ஃபேக்டரியே காலியாவுதாம். எங்களுது சின்ன லாட்ஜுங்க."

அப்பா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "போயி பொடவய மாத்து. நாளைக்கு பஸ்ஸுக்கு எழுந்துக்கணும்" என்றார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன்.

அன்றைக்கு அந்த பாஸ்கர் டீக்குப் போகாமல் ஜெனரேட்டரைப் போட்டிருந்தால் என் கத்தல் மெஷின் சத்தத்தில் அடங்கியிருக்கும். ஆபீஸ் வேலை ஒருவேளை கிடைத்திருக்கும், கிடைக்காமலும் போயிருக்கலாம். கிடைக்காமல் போயிருந்தால் நான் இப்போது மலைமேல் இருந்திருப்பேன். திங்கட்கிழமை பாஸ்கர் மன்னிப்புக் கேட்க வந்தான். அப்புறமும் வந்தான். இப்போது எங்களுக்கு இரண்டு பெண்கள்.

வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும். மூன்று பேரும் வாயைத் திறக்காமல், ஓடாமல், நடந்தே வெளியே போய் முருங்கை மரத்தடியில் வரிசையாக நிற்பார்கள். அவர் தலையை எண்ணுவார்.

"எல்லாரும் வந்தாச்சா? உள்ள யாருன்னா கீறாங்களா?"

"அம்மா மட்டும்தான் டாடி."

"அது ஆளு இல்லம்மா. அதுதான் ஃபயரு."