அடைப்புக்குறிக்குள் அம்மா

மகளின் வீட்டுப்பாடத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு முறைதான். ஊருக்கே தெரிந்துவிட்டது.

வளவனூரில் ஜாஸ்மின் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் அது. 'நீரின் சிறப்பு' பற்றிப் பேச்சு தயார் செய்து, பெற்றோர் கூட்டத்தில் மைக்கில் பேச வேண்டும் என்றார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். 'உள்ளேன் டீச்சர்' தவிர வகுப்பில் வாய் திறந்ததில்லை. (அதுவே காதில் விழாமல் பல நாள் ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள்.) இவளும் என்னைப் போல் ஆகிவிடக் கூடாதே!

பேச்சை எழுதி, எங்கே எப்படிப் பேச வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பும் போட்டேன். நான் தையல் கடையிலிருந்து வர நேரமாகும் என்பதால், ஒப்பிக்க வைத்தது கணவர்.

"ஒரு எழுத்து தப்பல. நடுநடுவுல கொஞ்சம் வுட்டா, அதையும் சேத்து உருப்போட வச்சிட்டேன்," என்றார்.

நடுநடுவில் எதை என்று நான் கேட்கவில்லை.

கூட்டத்தன்று அவர் பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் கடைசி வரிசையில், நல்ல பருமனான ஓர் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஜாஸ்மின் கணீரென்று தொடங்கினாள். "அனைவருக்கும் வணக்கம். ஜல்தியா பேசாத, மூச்சு வுட்டு பேசு. நீர் நமக்கு உயிர். கைய தூக்கிக் காட்டு."

கை தொங்கிக்கொண்டேதான் இருந்தது. அரங்கம் சிரித்தது.

"ஏரி, குளங்களைக் காப்போம். யாராச்சும் சிரிச்சா சிரிக்கட்டும், நீ நிறுத்தாத."

அவள் நிறுத்தவில்லை.

"நன்றி. பயப்படாத கண்ணு, அம்மா கடைசி வரிசையிலதான் குந்திக்கினு இருக்கேன்."

அத்தனை தலைகளும் திரும்பின. முன்னாலிருந்த அம்மா, உதவியாக நகர்ந்துகொண்டார்.

"யாரும்மா அது? எழுந்திருங்க!" என்றார் டீச்சர்.

எழுந்தேன். ஜாஸ்மின் மேடையிலிருந்தே கேட்டாள்: "ம்மா, எதையாச்சும் வுட்டுட்டனா?"

"எதையும் வுடல கண்ணு!" என்று கத்தினேன். ஒரு கூட்டத்தில் நான் பேசிய முதல் பேச்சு. அவள் முகத்தில் துளி பயம் இல்லை. குறிப்பெல்லாம் எனக்கு நானே எழுதிக்கொண்டவை போலிருக்கிறது.

இப்போது அவள் திண்டிவனத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் தோழிகளுக்கு நான் 'குந்திக்கினு ஆன்ட்டி'. கல்யாண வீடுகளில்கூடக் கடைசி வரிசையைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதனால் முதல் வரிசைக்கு மாறிவிட்டேன். அங்கே என்னை யாரும் தேடுவதில்லை.