வானத்தில் பறக்காத வாட்ச் ரிப்பேர்க்காரன்

உலகத்தில் எந்தப் பொருளையும் அந்தப் பொருளாகவே இருக்கவிடாத மனிதர் ஒருவர்தான் பிறந்தார். அவர் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து, திருச்சியில் எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில், அதுவும் எனக்கு எதிர் மேஜையில் வந்து உட்கார்ந்தது என் தலையெழுத்து. அறுபதுகளின் தொடக்கம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாள் தவிர மற்ற நாளில் அது புழங்கவில்லை. எங்களுக்கு அவர் ‘ஸ்வாபதேசம்’.

ஆழ்வார் பாசுரத்துக்கு மேலோட்டமான பொருள் ஒன்று. அதற்குள் பெரியவர்கள் கண்ட உட்பொருள் ஒன்று. அந்த உட்பொருளுக்கு ஸ்ரீரங்கத்தில் ஸ்வாபதேசம் என்று பெயர். வண்டு என்றால் வண்டு இல்லை, ஆசாரியன். இப்படிச் சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கிய குடும்பம் அவருடையது. இவர் பாசுரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் கோளாறு.

ஆபீஸில் மின்விசிறி நின்றுபோனால் நாங்கள் ஃபைலை எடுத்து விசிறிக்கொள்வோம். அவர் அண்ணாந்து பார்த்து உருகுவார். “மூணு இறக்கை, மூணு தத்துவம். சுத்தறச்சே தெரியலை, நின்னாத்தான் தெரியறது. என்ன ஒரு உபதேசம்!” ஒருமுறை மேனேஜர் இவரை “கெட் அவுட்” என்று கத்தினார். வெளியே வந்தவர் முகத்தில் அத்தனை பூரிப்பு. “சம்சாரத்திலேர்ந்தே வெளியே போங்கறார் ஓய். பெரிய மனசு!” என்றார். மேனேஜர் அதன்பிறகு யாரையும் திட்டுவதில் ருசி காணவில்லை.

பாசுரத்துக்கு அடுத்தபடியாக அவருக்கு உயிர், ஜங்ஷன் பக்கத்துக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போடும் இங்கிலீஷ் ஸ்டண்ட் படங்கள். முகமூடி மாட்டி, முதுகில் போர்வை கட்டிக்கொண்டு, ஆகாயத்தில் பறந்து போய் ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றும் ஆசாமிகள். மற்ற நேரத்தில் சாதுவாக ஏதோ ஓர் ஆபீஸில் பேனா பிடித்துக்கொண்டிருப்பார்கள். “அவதார ரகசியம்” என்று சிலிர்ப்பார் ஸ்வாபதேசம்.

அந்த வருஷம் அவர் மனைவி நெஞ்சு நோயோடு பெரியாஸ்பத்திரியில் படுத்தார். எங்களுக்கு அவர் மாமி. குழந்தை குட்டி கிடையாது. சினிமா என்றால் மாமிக்கு அப்படி ஒரு ஆசை. டாக்டர் கையை விரித்துவிட்டார். ஸ்வாபதேசம் அதற்கு மட்டும் உட்பொருள் எதுவும் சொல்லவில்லை. தினம் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்த படத்தின் கதையைச் சொல்லிவிட்டு வருவார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. காதல் படம் என்றார்கள். கதாநாயகன் கண்ணாடி போட்ட வாட்ச் ரிப்பேர்க்காரன். கதாநாயகி நோயாளி டீச்சர். அவன் குடை பிடித்துக்கொண்டு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போவான், அவள் உரிப்பாள், இரண்டு பேரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். சண்டை இல்லை, டான்ஸ் இல்லை. காதலிக்கிறேன் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. கடைசியில் அவள் செத்துப் போகிறாள். அவன் மழையில் நடந்து போகிறான். நான் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டேன்.

மறுநாள் ஸ்வாபதேசம் மேஜையைத் தட்டினார். “படமா அது! அவன் யார் தெரியுமா? பறக்கறவன். கண்ணாடிதான் முகமூடி. தோள்ல போட்டிருக்கானே துண்டு, அதுதான் போர்வை. குடை என்னன்னு நெனச்சீர்? இறக்கை!”

பக்கத்து சீட் அந்தோணிக்குப் பொறுக்கவில்லை. “ஏன் சார், பறக்கத் தெரிஞ்சவன் எதுக்கு பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டு அது பின்னாடியே ஓடுறான்?”

“லீலை! ஓடிக் காட்டலேன்னா குட்டு வெளிப்பட்டுடாதோ?”

தினம் படத்துக்குப் போனார். தினம் மாமிக்குக் கதையை வளர்த்தார். முடிவை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். “படம் ஓடிண்டிருக்கற வரைக்கும் கதை முடியலை. கதை முடியாத வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார்.

ஆனால் படம் ஓடினால்தானே! படத்தைத் தூக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டகை மேனேஜரிடம் போனார்.

“சாமி, நேத்து ராத்திரி இருந்தது நீங்களும் எங்க வாட்ச்மேனும்தான். அவனும் தூங்கிட்டான்” என்றார் மேனேஜர்.

ஸ்வாபதேசம் அவருக்கும் உட்பொருளை விளக்கினார். குடை, துண்டு, கண்ணாடி எல்லாம். மேனேஜர் கண்ணில் வேறொரு உட்பொருள் மின்னியது. சாயங்காலமே வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டார்: ‘ஆகாயத்தில் பறக்கும் வாட்ச் ரிப்பேர் வீரன்!’ மூன்றாம் நாள் ஆட்டத்துக்குத் துறையூரிலிருந்து ஜனங்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்ததாகக்கூடச் சொன்னார்கள். பெஞ்சு கொள்ளாத கூட்டம்.

கதாநாயகன் குடையை விரித்தபோதெல்லாம் விசில் பறந்தது. அவன் பறக்கவில்லை. ஆரஞ்சு உரித்தார்கள். “டேய், பறடா!” என்று தரை டிக்கெட் கத்தியது. கடைசியில் அவன் மழையில் நடக்க ஆரம்பித்ததும் முதல் பெஞ்சு உடைந்தது. அந்த அமளியில் நம்மவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். “க்ஷமிக்கணும்! அவன் பறந்துண்டுதான் இருக்கான். நம்ம கண்ணுக்குத்தான் தெரியலை!” பாதி கடித்த முறுக்கு ஒன்று வந்து அவர் நெற்றித் திருமண்ணில் பட்டது. நானும் அந்தோணியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தோம். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் படத்தை எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொன்னார். போனேன். மாமி எலும்பும் தோலுமாக இருந்தார். கண் மட்டும் பளபளவென்று கதைக்குக் காத்திருந்தது. ஸ்வாபதேசம் சொன்னார்: வாட்ச் ரிப்பேர்க்காரன் கண்ணாடியைக் கழற்றுகிறான், துண்டை முதுகில் கட்டுகிறான், மழைக்கு நடுவே எழும்புகிறான், மலை தாண்டிப் போய் மருந்து கொண்டுவருகிறான். டீச்சர் எழுந்து உட்கார்ந்து ஆரஞ்சு கேட்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. வெந்நீர் பிடித்து வருகிறேன் என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார்.

மாமி என்னைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு செத்துப் போயிடறா, இல்லையா? நர்ஸு படம் பாத்துட்டு வந்து சொல்லிட்டா.”

நான் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவர்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்கோ. பாவம், நான் நம்பறேன்னு நெனச்சிண்டிருக்கார். அந்த ஒரு தைரியத்துலதான் தெனமும் ஆபீஸ் போயிட்டு வரார்.”

மாசி பிறப்பதற்குள் மாமி போய்விட்டார்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து ஆபீஸுக்கு வந்தவர் வேறு மனிதர். மின்விசிறி நின்றால் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். மேனேஜர் பக்கத்தில் வந்து நின்று, வேண்டுமென்றே “கெட் அவுட்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “சரி சார்” என்று இவர் வெளியே போய் நின்றார். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை நாள் அவரைக் கண்டு ஓடிய நாங்கள் எல்லாரும் ஓர் உட்பொருளுக்காக ஏங்கிக் கிடந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தோணியும் ஸ்ரீரங்கத்துக்கே போய், வலுக்கட்டாயமாக அவரைக் காலைக் காட்சிக்குக் கூட்டி வந்தோம். அந்தோணி அதற்காகச் சர்ச் பூசையைக்கூட விட்டுவிட்டான். அசல் முகமூடி, அசல் போர்வை. நடுவில் அவரை உட்கார வைத்தோம். திரையில் வீரன் கூரை மேலிருந்து ஜம்மென்று கிளம்பிப் பறந்தான். ஸ்வாபதேசம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“கயிறு தெரியறது, ஓய்” என்றார்.

நிஜம்தான். துணி காயப்போடும் கொடி தடிமனுக்கு அது வீரன் முதுகில் ஆடிக்கொண்டிருந்தது.

“கயிறா? எங்கே சார்?” என்றான் அந்தோணி.

“எனக்கும் ஒண்ணும் தெரியலையே சார்” என்றேன் நான்.