வீட்டுக்காரரை அடித்த வாட்ச்மேன்

மனைவி அவருடைய சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது அழைப்புமணி விடாமல் அலறியது. விரலை வைத்தால் எடுக்கத் தெரியாத ஆள் அந்தக் குடும்பத்தில் ஒருவர்தான்.

"அக்கா வந்துட்டா," என்றார் அவர். "சீக்கிரம் போடு."

"ஆடாம நில்லுங்க. மேல் பொத்தான் இன்னும் பாக்கி."

"விடு, திறந்தே இருக்கட்டும். காத்தோட்டமா இருக்கும்."

"நெஞ்சைத் திறந்து போட்டுக்கிட்டுப் போற வயசா இது?"

வயசில் கோளாறு இல்லை, விரலில்தான். அவர் பல்செட் செய்கிறவர். குடியிருப்பில் அவருக்குப் பெயரே 'பல்செட்'தான். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கினால், சாப்பாடு மாட்டிக்கொள்ளும் பள்ளம்வரை அசலாக இருக்கும். ஊரில் பலர் அவர் விரல் தயவில்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கொஞ்ச காலமாக அந்த விரல்கள் காலையில் வேறு யாருடையவோ போல விழித்துக்கொண்டன. பன் மாதிரி உப்பி, மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, மதியத்துக்கு மேல்தான் மெல்ல அவருடையவை ஆயின.

இது வெளியே தெரியக் கூடாது. அவர் வேலை பார்த்த பல்செட் கூடத்தின் முதலாளி இதே கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தார். போதாததற்குக் குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். பிழைப்பும் குடித்தனமும் ஒரே மனிதருக்குக் கீழே அமைவது எல்லோருக்கும் வாய்க்கிற பாக்கியமில்லை.

அக்கா உள்ளே வந்தாள். தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். கையைப் பிடித்துத் தூக்கினாள். அவர் "ஆ!" என்றார்.

"அடப்பாவி! கையிலயாடா அடிச்சான்?"

"யாரு?"

"யாரா? உங்க வாட்ச்மேன்!"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். முந்தின நாள் இருவரும் மூட்டு டாக்டரிடம் போயிருந்தார்கள். டாக்டர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே தலையில் கல்லைப் போடுவார்.

"உடம்புக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்கான்னு வெச்சுக்குங்க. திருடன் வந்தா அடிக்கணும். அதுதான் வேலை. உங்க ஆள் திருடனை விட்டுட்டு வீட்டுக்காரரையே போட்டு அடிக்கிறான்."

"ஏன் சார் அடிக்கிறான்?" என்று மனைவி கேட்டாள்.

"அதுதாம்மா தெரியல. பரம்பரைங்கறாங்க, புகைங்கறாங்க, எப்பவோ வந்த காய்ச்சல்ங்கறாங்க, குடல்ங்கறாங்க, கவலைங்கறாங்க. முன்னெல்லாம் இப்படி எப்பவாவது ஒருத்தர் வருவாங்க. இப்ப வெளிய பாருங்க, உக்கார இடம் இல்ல."

"அவனை வேலையை விட்டு எடுத்துட முடியாதா?"

"எடுத்தா நிஜத் திருடன் வந்துடுவானே. மாத்திரை குடுத்துக் கொஞ்சம் தூங்க வைக்கலாம். அவனுக்கு மறுபடி வீட்டுக்காரர் முகத்தை அடையாளம் காட்டுற வைத்தியத்தைத் தேடிக்கிட்டிருக்காங்க."

"எப்ப சார் கிடைக்கும்?"

"கிடைச்சதும் எனக்கும் சொல்லுங்க," என்று டாக்டர் சிரித்தார்.

வரும் வழியிலேயே அவர் மனைவியிடம் சத்தியம் வாங்கிவிட்டார். நோயின் பெயரை யாரிடமும், முக்கியமாக அக்காவிடம், மூச்சுவிடக் கூடாது. அக்காவிடம் சொல்வதும் மொட்டைமாடியில் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்று. மனைவியும் சத்தியத்தை மீறவில்லை. அழுகை தாங்காமல் போனை எடுத்தவள் நோயின் பெயரைச் சொல்லவேயில்லை. "அண்ணி, என்னத்தைச் சொல்ல... வாட்ச்மேனே வீட்டுக்காரரைப் போட்டு அடிக்கிறானாம்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நம் மொழியில் வீட்டுக்குச் சொந்தக்காரரும் வீட்டுக்காரர்தான், கட்டிய கணவரும் வீட்டுக்காரர்தான். அக்கா எந்த வீட்டுக்காரரை எடுத்துக்கொள்வாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"அடிக்கல்லாம் இல்லக்கா," என்றார் அவர். "கதவுல கை மாட்டிக்கிச்சு."

"எந்தக் கதவு?"

வீட்டில் எந்தக் கதவைச் சொன்னாலும் அதைச் சாத்தியது மனைவி என்றாகும். அந்தச் சண்டைக்கு அவரிடம் தெம்பில்லை. "கீழ... கேட்டு."

"கேட்டைச் சாத்தினது யாரு?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அக்கா அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போவதற்குள் ஒரு கூட்டமே கூடியிருந்தது. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் வாட்ச்மேன். முதலாளி மேலிருந்து இறங்கி வந்து நின்றும் அந்த மனிதர் உடனே எழவில்லை. பிறகு கைப்பிடியைப் பிடித்து, பட்டாபிஷேகம் முடிந்த ராஜா மாதிரி நிதானமாக எழுந்தார்.

"பார்த்தீங்களா திமிரை!" என்றாள் அக்கா.

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் ஹாரன் அடித்தால் ஆடி அசைந்து வந்து கேட்டைத் திறக்கிறான். சல்யூட் அடிப்பதில்லை. பார்சலை வாங்கினால் கீழே போடுகிறான். யாராவது ஒருத்தரைக் குற்றம் சொல்ல மாட்டோமா என்று அந்தக் கட்டடம் ரொம்ப நாளாகக் காத்திருந்தது போலிருந்தது.

"என்னப்பா, நம்ம பல்செட்டை அடிச்சியா?" என்றார் முதலாளி.

வாட்ச்மேன் பல்செட்டைப் பார்த்தார். பிறகு அவருடைய வீங்கிய கையைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். "சார் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்," என்றார்.

பல்செட் பதறிப்போனார். "ஐயோ, சும்மா விளையாட்டுக்குத்தான் சார்!"

"விளையாட்டுக்கா? அப்ப அடிக்கடி நடக்குதா?"

"இல்ல சார், ஒரே ஒரு தடவைதான்..."

"சரி, அப்ப அடிச்சது நிஜம்." முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தலையாட்டியது.

சற்று நேரத்தில் வாட்ச்மேன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கேயும் அவசரமாகப் போக வேண்டியதில்லாதவர் போல வெளியே நடந்தார். பல்செட் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போய் உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"சொன்னா என் வேலை போயிடும்."

"சொல்லாததால அவர் வேலை போயிடுச்சே."

விரல் மதியத்துக்கு மேல் சரியாகிவிடும், இந்தக் கணக்கு எப்போது சரியாகும் என்று தெரியவில்லை. இரண்டு நாள் பொறுத்துச் சொல்லலாம் என்று நினைத்தார். அந்த இரண்டு நாள் நீண்டுகொண்டே போனது.

சங்கம் ஒரு கம்பெனியிலிருந்து புது காவலாளியைக் கொண்டுவந்தது. கேட்டுக்குப் பூட்டுப் போட்டதுபோல நிற்கிற உடம்பு. கூடவே விரல் ரேகை பார்க்கும் மெஷினும் வந்தது. எல்லோரும் ஒரு மாலைநேரம் வரிசையில் நின்று ரேகை கொடுத்தார்கள். மாலையில் பல்செட்டின் விரல்கள் ஒல்லியாக, சொன்ன பேச்சைக் கேட்கிற நிலையில் இருந்தன.

மறுநாள் காலை பால் வாங்கப் போனவர் திரும்பி வந்து விரலை வைத்தார். மெஷின் சிவப்பாகக் கத்தியது.

"இது உங்க விரல் இல்ல சார்," என்றான் காவலாளி.

"என் கையிலதானேப்பா இருக்கு?"

"இருக்கலாம். மெஷின் இல்லைங்குது."

அடுத்த விரலை வைத்தார். அதற்கடுத்ததை வைத்தார். இடது கையையும் கொடுத்துப் பார்த்தார். அவரிடம் இருந்த எதுவுமே அவருடையதாக இல்லை.

"தம்பி, நான் இங்கதான் குடியிருக்கேன். அதோ, அந்த பால்கனிதான்."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

பால் சூடாகிக்கொண்டிருந்தது, பொறுமையும்தான். அவர் குனிந்து தடுப்புக்குக் கீழே நுழையப் பார்த்தார். காவலாளி காலரைப் பிடித்துத் தூக்கி வெளியே தள்ளினான். பால் பை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

பால்கனியிலிருந்து மனைவி அலறினாள். "ஐயோ, யாராவது வாங்களேன்! வாட்ச்மேன் எங்க வீட்டுக்காரரை அடிக்கிறான்!"

பக்கத்து பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது பழைய கதைம்மா. அந்த ஆளைத்தான் அனுப்பியாச்சே."

ஒருவழியாக முதலாளி இறங்கி வந்தார். "என்னய்யா இது, உம்ம விரலுக்கு என்ன ஆச்சு?"

தரையில் பாலுக்கு நடுவில் உட்கார்ந்தபடி பல்செட் எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டர், மாத்திரை, மனைவியின் போன், அக்கா. "என்னை அடிச்ச வாட்ச்மேன் என் உடம்புக்குள்ள இருக்கிறவன் சார். அந்தப் பாவப்பட்ட மனுஷன் என்னைத் தொடக்கூட இல்ல."

முதலாளி அவரைத் தூக்கிவிட்டார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் கனிவாக. அந்தக் கனிவில் பல்செட்டுக்குக் கண் கலங்கியது. முதலாளி அவர் கையை எடுத்து, பல் அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓ... அந்த மேல்வரிசை செட்டு கடிக்குதுன்னு திரும்பி வந்தது இதனாலதானா?"

"சார், மதியத்துக்கு மேல கை நல்லா..."

"வேணாம். நீங்க ரெஸ்ட் எடுங்க. குணமானதும் வாங்க."

"குணம்னு இல்ல சார், கட்டுக்குள்ள வைக்கலாம்னுதான்..."

"அப்ப நல்லா ரெஸ்ட் எடுங்க."

"அந்த வாட்ச்மேனையாவது கூப்பிடுங்க சார்."

"சங்கம் ஒரு முடிவெடுத்தா எடுத்ததுதான். காரணம் தப்பா இருந்தா முடிவும் தப்பாயிடுமா?"

பல்செட் பழைய வாட்ச்மேனைத் தேடி அலைந்தார். எங்கே குடியிருக்கிறார் என்று கட்டடத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெயர் கேட்டால், "வாட்ச்மேன்தான்," என்றார்கள். இத்தனை காலம் தினமும் வணக்கம் சொன்ன மனிதரின் பெயர் தனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

விஷயம் வெளியே வந்ததும் அக்கா காரணம் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கினாள். முதலில் ஃபிரிட்ஜ் தண்ணீர் என்றாள். பிறகு செல்போன் என்றாள். பிறகு, "ரெண்டு வேளையும் சோப்புப் போட்டுக் குளிச்சா உடம்புக்கு சண்டை போட வெளிய ஆளே இருக்காதுடா, அதான் வீட்டுக்குள்ள சண்டை போடுது," என்றாள். கடைசிக் காரணத்தைக் கேட்டு டாக்டரே, "அப்படியும் ஒரு பேச்சு இருக்கு," என்றது வேறு கதை.

அத்தோடு விட்டிருக்கலாம். எதிர்ப்பு சக்தி கூட்டுகிற பொடி ஒன்றையும் டப்பா நிறையக் கொண்டுவந்தாள்.

"அக்கா, எனக்கு எதிர்ப்பு சக்தி குறைச்சல் இல்ல. அதிகமா இருக்கிறதுதான் வியாதி."

"உளறாதடா. சக்தி அதிகமானா எவனாவது படுத்துக்கிடப்பானா?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்காக ஒரு ஸ்பூன் சாப்பிட்டார். மறுநாள் முழங்காலும் சேர்ந்துகொண்டது. டாக்டர் தூங்க வைக்கிற ஆளுக்கு அக்கா சத்துணவு போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடி டாக்டரிடம் போன அன்று, காத்திருக்கும் கூடத்தில் போன தடவையைவிடக் கூட்டம். கல்லூரி வயசில் ஒரு பெண் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் அம்மாவிடம் நீட்டினாள். அந்த அம்மா அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினாள். அவர் தன் விரல்களைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். பாட்டில் வரிசை முழுக்கப் போய்க்கொண்டே இருந்தது. சிரிக்க வேண்டிய காட்சிதான். பல்செட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டில் தன்னிடம் வந்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பிய இடத்தில், மூலை நாற்காலியில், பளபளக்கும் புது யூனிஃபார்மில் பழைய வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

பல்செட் முழங்காலை மறந்து ஓடினார். "உங்களைத் தேடாத இடமில்லை! இங்கதான் காவலா?"

"இல்ல சார். நகைக்கடையில. பெரிய கடை." வாட்ச்மேன் எழ முயன்று பாதியில் விட்டுவிட்டார். "என்னைப் பத்தி விசாரிக்க உங்க தலைவருக்குத்தான் போன் போட்டாங்க. ரொம்ப முரட்டு ஆளு, குடியிருக்கிறவரையே அடிச்சவன்னு சொன்னாராம். அன்னைக்கே வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க."

"என்னை மன்னிச்சிடுங்க. இன்னைக்கே அந்தக் கடைக்கு வந்து சொல்றேன். நீங்க அடிக்கவே இல்லைன்னு சொல்றேன்."

வாட்ச்மேன் முகம் வெளுத்தது. பல்செட்டின் வாயைப் பொத்த அவசரமாகக் கையைத் தூக்கினார். தோளுக்கு மேல் அது எழவில்லை.

"ஐயோ, வேணாம் சார்... இந்தக் கையால ஒரு ஈயைக்கூட அடிக்க முடியாதுன்னு தெரிஞ்சா, அந்த வேலையும் போயிடும்!"