புறம்போக்கு நேரமும் அஞ்சரைப் பெட்டியும்

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, நம் வீடு.
தை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.
(இது நம்ம ஊர்ப் பத்து மணி. கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.)

தோஹாவில் விமானங்களுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுக்கும் பெரும் பொறுப்பில் இருக்கிற அன்பு மாப்பிள்ளை பரணிதரன் அவர்களுக்கு, மாமனார் நாகநாதன் மனமார்ந்த ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தை கமலாம்பாளும், நீங்கள் வாங்கிக் கொடுத்திருக்கிற அறுவடை மிஷினும், அதன் டிரைவர் வைரக்கண்ணுவும் நலம். அங்கு நீங்களும் என் மகள் வானதியும் சகல சௌக்கியத்தோடு இருக்கப் பெரியநாயகி அருள் புரிவாளாக. இந்தக் காலத்தில் கடிதமா என்று நீங்கள் சிரிக்கலாம். வாட்ஸ்அப்பில் நான் பக்கம் பக்கமாக எழுதினாலும் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். கட்டைவிரலோடு ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் வழக்காட முடியும்? நம் தெரு ஜாபிர் லீவு முடிந்து தோஹா திரும்புகிறார். முறுக்கு டப்பாவோடு இதையும் அவர் கையில் கொடுத்து, முறுக்கு தீருவதற்குள் படிக்கவைக்கும்படி வானதிக்குச் சொல்லியிருக்கிறேன்.

மிஷின் வாங்கியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் எனக்கு மரியாதை ஏறியிருக்கிறது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். மிஷின் என்றைக்கு யார் வயலுக்கு, எத்தனை மணிக்கு என்று தினம் சாயந்திரம் தோஹாவிலிருந்து நீங்கள் போனில் அனுப்புகிற அட்டவணையும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மணிக்குப் பின்னால் ஒரு இஸட் போடுகிறீர்களே, அதில்தான் ஆரம்பித்தது வினை. இது என்ன நேரம் மாப்பிள்ளை என்று நான் அன்றைக்கே கேட்டேன். உங்கள் ஆபீசில் உலகத்து விமானமெல்லாம் ஒரே நேரத்தில்தான் ஓடும், தோஹாவுக்கு ஒரு மணி, லண்டனுக்கு ஒரு மணி என்று வைத்தால் வானத்தில் குழப்பம் வரும், மிஷினில் வைத்திருக்கிற ஜிபிஎஸ் பெட்டியும் அதே நேரத்தைத்தான் காட்டுகிறது என்று பொறுமையாக விளக்கினீர்கள். அதாவது, உங்கள் ஊர் மணியும் இல்லை, எங்கள் ஊர் மணியும் இல்லை, எவன் பட்டாவிலும் ஏறாத புறம்போக்கு நேரம். புறம்போக்கில் வீடு கட்டினவன் நிம்மதியாகத் தூங்கியதாக இந்தத் தாலுகாவில் சரித்திரம் கிடையாது. இருந்தாலும் மாப்பிள்ளை சொன்னால் காரணம் இருக்கும் என்று தலையாட்டிவிட்டேன்.

கடைசியில் நீங்கள், “இஸட்டுன்னா ஜூலு, எல்லாம் ஜூலு டைம் மாமா” என்று சொன்னீர்களாம். என் காதில் அது ஜூலை டைம் என்று விழுந்தது. தை மாதத்து அறுவடைக்கு எதற்கு ஜூலை என்று குழம்பினேன். உங்கள் அத்தையிடம் கேட்டால், மாப்பிள்ளை ஜூலை என்று சொன்னால் ஜூலைதான், நீங்கள் ஏன் மாதத்தை மாற்றுகிறீர்கள் என்று என்னைத்தான் அடக்கினாள். பிறகு நானே யோசித்து, ஜூலையில் சீக்கிரம் விடியும், அந்தக் கணக்கில் மாப்பிள்ளை சொல்கிறார் போலிருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்து, நம் வயலுக்கு நீங்கள் போட்டிருந்த நாலரை இஸட்டை அப்படியே வைரக்கண்ணுவிடம் சொல்லிவிட்டேன். அவரும் விடியாத விடியலில் நாலரைக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு மிஷினை வயலில் இறக்கிவிட்டார். ஊர் நாய் பூராவும் கூடிவிட்டது. இருட்டில் எவனுடைய நெல்லையோ அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று இரண்டு பேர் கம்போடு வந்துவிட்டார்கள். கதிரிலே பனி சொட்டுகிறது, கையால் உருவினால் தண்ணீர் வடிகிறது, இதை எங்கே அறுக்கிறது? வைரக்கண்ணு மிஷின் மேலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார். உங்கள் அத்தை மூன்று தடவை காபி கொண்டுபோய்க் கொடுத்தாள், கம்பு எடுத்து வந்தவர்களுக்கும் சேர்த்து. பத்து மணிக்குப் பனி உலர்ந்து வேலை ஆரம்பித்தது. போன் போட்டுச் சொன்னால், “அதைத்தானே மாமா நானும் சொன்னேன், பத்து மணின்னு” என்கிறீர்கள். எனக்கு வந்த கோபத்தில் போனை வாய்க்காலில் போட்டிருப்பேன், அதுவும் நீங்கள் வாங்கிக் கொடுத்தது என்பதால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் நீங்கள் அந்த மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தீர்கள்: “ரொம்ப சுலபம் மாமா, அஞ்சரையைக் கூட்டுங்க.” நாலரையோடு அஞ்சரையைக் கூட்டினால் பத்து. நல்லது. எனக்கு மறந்துபோகும் என்று உங்கள் அத்தை ஒரு யுக்தி செய்தாள். அவள் தாளிக்கிற அஞ்சரைப் பெட்டி இருக்கிறதே, அடுப்பு மேடையில், கடுகும் சீரகமும் வெந்தயமும் போட்டு வைக்கிற அந்த வட்டப் பெட்டி, நீங்கள் அனுப்புகிற நேரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதற்கு அடியில் வைத்துவிட வேண்டியது. பெட்டியைத் தொடும்போதெல்லாம் அஞ்சரை ஞாபகம் வரும். பேரிலேயே அஞ்சரை இருக்கிறது பாருங்கள். நாலு நாள் தேவாமிர்தமாக வேலை செய்தது. உங்கள் ஆபீசுக்கும் ஒரு அஞ்சரைப் பெட்டி வாங்கி அனுப்பலாமா என்றுகூட நாங்கள் பேசிக்கொண்டோம்.

இப்போது வேதநாயகம் விஷயத்துக்கு வருகிறேன். நம் வயலை ஒட்டித் தாழ்ந்து கிடக்கிற பள்ளக்கால் அவருடையது, வீடும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, ஒரு வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவர் வயலில் இறக்கின வாத்து என் உளுந்தை மிதித்தது என்று நான் சொல்ல, எனக்கு அறுக்க வந்த வாடகை மிஷின் அவர் வரப்பை மிதித்தது என்று அவர் சொல்ல, வாத்து முதலா மிஷின் முதலா என்பதில் முப்பது வருஷப் பழக்கம் அறுந்துபோயிற்று. எல்லாச் சேதியும் அவர் சம்சாரம் பாத்திமா மேரி வழியாகத்தான், வேலிக்கு மேலே. இந்த வருஷம் பெட்ரோல் பங்க் பக்கத்து மிஷின்காரன் இழுத்தடித்ததாலும், சனிக்கிழமை மழை என்று டிவியில் சொன்னதாலும், அந்த அம்மாதான் அவரைச் சமாதானப்படுத்தி நம் மிஷினுக்குச் சொல்லவைத்தார். பள்ளக்காலில் மழை விழுந்தால் பயிர் சாய்ந்து தண்ணீரில் முளைத்துவிடும், மாப்பிள்ளை. அவருக்கு வருஷத்துக்கு அந்த ஒரு போகம்தான். நானும் மனதுக்குள், இதை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் மனுஷர் பேசிவிடுவார் என்று ஆசைப்பட்டேன். உள்ளதைச் சொன்னால், அவர் நெல்லைவிட அவர் பேச்சுதான் எனக்குப் பெரிசாக இருந்தது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறவன் எல்லாம் பேச்சுத்துணைக்கு ஆவானா?

நீங்கள் வியாழக்கிழமை மத்தியானமே, அவருக்கு வெள்ளிக்கிழமை நாலரை இஸட் என்று அனுப்பினீர்கள். நான் பேராவூரணியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரத்திலும் பொறுப்பாக அஞ்சரையைக் கூட்டி, “வேதநாயகம், வெள்ளி, 10” என்று எழுதி, வழக்கம்போல அஞ்சரைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். சாயந்திரம் வைரக்கண்ணு வந்து நாளைக்கு எத்தனை மணிக்கு அம்மா என்று கேட்டிருக்கிறார். உங்கள் அத்தை பெட்டியைத் தூக்கினாள், பத்தைப் பார்த்தாள், பெட்டியையும் பார்த்தாள். அவளும் பொறுப்பாக அஞ்சரையைக் கூட்டினாள். மூன்றரை. வெள்ளிக்கிழமை மூன்றரை எமகண்டம் ஆயிற்றே, மாப்பிள்ளை அந்த நேரத்திலா போடுவார் என்று அவளுக்கே ஒரு நிமிஷம் உறுத்தியிருக்கிறது. அப்புறம், அவங்க வேதக்காரங்க, அவங்களுக்கு ஏது எமகண்டம் என்று தானே சமாதானமாகி, மூன்றரைக்கு இறக்கிடுங்க தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் நான் கல்யாணச் சாப்பாட்டு வயிற்றோடு பஸ்ஸில் வருகிறேன், ஜன்னல் வழியாகப் பார்த்தால் பள்ளக்கால் அறுக்காமல் அப்படியே நிற்கிறது. வேதநாயகம் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிறார். பாத்திமா மேரி மடித்த தார்ப்பாய் மேல் உட்கார்ந்திருக்கிறார். வாடகை டிராக்டர் டிப்பரோடு காத்துக்கொண்டிருக்கிறது. கீழ்வானம் கறுத்துவிட்டது, சனிக்கிழமை வர வேண்டிய மழை வெள்ளிக்கிழமையே எட்டிப் பார்க்கிறது, அதற்கும் யாரோ இஸட் போட்டு நேரம் கொடுத்திருப்பார்கள் போல. அங்கேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வீட்டுக்கு ஓடிவந்து, ஏன்டி மிஷின் போகவில்லை என்று கேட்டால், மூன்றரைக்குத்தானே என்கிறாள். நான் கூட்டித்தானே எழுதினேன் என்கிறேன். கூட்டினதுக்கு எதுக்குப் பெட்டிக்கு அடியில வெச்சீங்க என்கிறாள். இதற்கு உங்கள் ஆபீசிலேயே பதில் இருக்காது. வைரக்கண்ணுவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அவர் ஒரத்தநாட்டில் முடி வெட்டிக்கொண்டிருந்தாராம், சட்டை ஆணியில் தொங்கியதாம், போன் சட்டைக்குள் இருந்ததாம். சொன்னபடி மூன்றரைக்கு, முகம் பளபளவென்று, மிஷினோடு வந்து இறங்கி, நேரத்துக்கு வந்துட்டேன்ல ஐயா என்று என்னிடமே கேட்டார்.

வரப்பு வழியாக வேதநாயகம் என்னை நோக்கி வந்தார். நான் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டேன். பாத்திமா மேரியைக் கூப்பிடுவார், அந்த அம்மா வழியாகத் திட்டுவார் என்று நினைத்தேன். நேரே என் முன்னால் வந்து நின்றார்.

“யோவ் நாகநாதன், உனக்கு மணி பார்க்கத் தெரியுமா தெரியாதா?”

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசின முதல் வார்த்தை இது. அதற்குப் பின்னால் வந்ததையெல்லாம் மாப்பிள்ளைக்கு எழுதுவது முறையல்ல. ஆனால் உள்ளே எனக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன். அவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் இஸட், ஜூலை, அஞ்சரைப் பெட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், நெற்றியைச் சுருக்கினார்.

“ஜூலைன்னா சொன்ன? ஜூலுவா?”

“ஏதோ ஒண்ணு.”

“என் மவன் லியோ கப்பல்ல சேர்ந்த நாளா ஜூலுவிலதான்யா சோறு திங்கிறான். எந்த மணி சொன்னாலும் நான் படுத்துக்கிட்டே மாத்திச் சொல்லுவேன். வேலிக்கு அந்தப் பக்கந்தானே இருக்கேன், ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“கேட்டா பேசியிருப்பீங்களா?” என்றேன்.

மிஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பேசியிருக்க மாட்டேன்,” என்றார். “ஆனா மணி சொல்லியிருப்பேன்.”

அதற்குமேல் பேச நேரமில்லை. வைரக்கண்ணு மிஷினை ஓட்டின ஓட்டத்தை நீங்கள் பார்த்திருந்தால் அவரை விமானத்துக்கு எடுத்துக்கொள்வீர்கள். மிஷின் தொட்டியிலிருந்த கடைசி நெல் டிப்பரில் விழவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. தார்ப்பாயின் ஒரு மூலையை வேதநாயகம், ஒரு மூலையை நான், மற்ற இரண்டைப் பாத்திமா மேரியும் உங்கள் அத்தையும், புடவை பார்க்கிற நேரமா இது என்று சொல்லிக்கொண்டே சேற்றில் இறங்கி, இழுத்துக் கட்டினோம். மடையோரத்து மூலை மட்டும் அறுக்காமல் நின்றுபோய், மழையில் படுத்துவிட்டது. அந்த நெல்லுக்கு நான் என்ன சொல்லுவது என்று தலையைச் சொறிந்தேன். போகட்டும், அது வாத்துக்கு ஆச்சு என்றார் வேதநாயகம். வாத்து என்ற பேச்சை அவரே எடுத்ததால் நானும் வரப்பு என்ற பேச்சை எடுக்காமல் விட்டுவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, மாமனார் என்ற முறையில் நான் உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. நெல்லுக்கு இஸட் தெரியாது. பனிக்குத் தெரியாது. உங்கள் அத்தைக்குத் தெரிந்ததுதான் ஆபத்தாகப் போயிற்று. விமானத்துக்கு எந்த நேரமோ போடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன், ஆனால் இந்த மிஷினுக்கு இனிமேல் ஊர் நேரம்தான், பத்து என்றால் பத்து, கண்டிப்பாக. வானதியிடமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பதினேழு இஸட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறீர்களாம், அவள் சாம்பாரை இரண்டு தடவை சூடு பண்ணுகிறாளாம். அதையும் ஆபீசோடு விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தால் நல்லது.

பெரியநாயகி உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். நல்ல சேதியோடு சித்திரையில் ஊருக்கு வாருங்கள். அத்தை ஆசீர்வாதம். வைரக்கண்ணு வணக்கம். பாத்திமா மேரி வானதியை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

என்றும் நலம் நாடும் மாமனார்,
நாகநாதன்

பின்குறிப்பு: ஜாபிரின் பயணம் இரண்டு நாள் தள்ளிப்போனதால் கடிதத்தைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். சனிக்கிழமையிலிருந்து தினமும் சாயந்திரம் வேதநாயகம் வேலியைச் சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வருகிறார். இன்றைக்கு என்ன ஜூலு என்று கேட்டுக்கொண்டே உட்காருவார், உங்கள் அட்டவணையை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணியை மாற்றிச் சொல்வார். அதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும். பிறகு காபி, பிறகு லியோவின் கப்பல், பிறகு வாத்து, இருட்டுகிறவரைக்கும் போகமாட்டார். நேற்று நீங்கள் என்ன நினைத்தீர்களோ, பாவம், ஊர் நேரத்திலேயே ஒன்று அனுப்பிவிட்டீர்கள். அவர் பார்த்துவிட்டு, அட, மாத்தியாச்சா, அப்ப எனக்கு வேலை இல்லை என்று காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார். பிடித்து உட்காரவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனவே மேலே கண்டிப்பாக என்று எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடுங்கள். மறக்காமல் இஸட் போட்டே அனுப்புங்கள். அஞ்சரையை நாங்கள் கூட்டிக்கொள்கிறோம், இனி இரண்டு தடவை அல்ல, ஒரு தடவைதான்.