ஒன்பதாயிரம் அடிக் கூடாரம்

மலை சைக்கிள் பந்தயக்காரர்களின் நலன் கருதி, திருப்பதியில் உள்ள உயரப் பயிற்சி மையத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கூடாரம் வந்து இறங்கியது. பக்கத்தில் ஒரு மெஷின். அது ஓடினால் உள்ளே பிராணவாயு குறையும். படுத்திருப்பவர் தரையில் இருந்தபடியே ஒன்பதாயிரம் அடி மலைமேல் இருப்பதாகக் கணக்கு. இருபத்தோரு நாள் படுத்தால் உடம்பு பழகி, இமயமலைப் பந்தயத்தில் மூச்சு வாங்காது.

சித்தூர் மாவட்டத்திலிருந்து அந்தப் பந்தயத்துக்குத் தேர்வானது ஒரே ஆள், நகரியில் பவர்லூம் ஓட்டும் கன்னையாவின் மகள் ரூபா. ஆகவே அவளைத் தவிர மற்ற எல்லோரும் கூடாரத்தில் படுத்தார்கள்.

காரணம் இருந்தது. மைய அதிகாரி புருஷோத்தமனின் மருமகன் டாலஸிலிருந்து போன் செய்து, காற்று குறைந்தால் தொப்பை குறையும் என்று சொல்லிவிட்டான். அமெரிக்காவில் இருப்பவன் சொன்னால் பொய்யாகுமா? மறுநாளே அதிகாரியின் மனைவி தாட்சாயணி உள்ளே போய்ப் படுத்துவிட்டு வந்தார். "மூச்சே வர்ல. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

எங்கள் பக்கத்தில் மலை என்றால் அதற்கென்று ஒரு முறை உண்டு. கூடாரத்துக்கு வெளியே செருப்பை விட்டார்கள். வரிசை போட்டார்கள். சிபாரிசுக் கடிதம் உள்ளவர்களுக்குத் தனி வரிசை போட்டார்கள். அந்தத் தனி வரிசைதான் நீளமாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பள்ளி ஆசிரியன் என்ற முறையில் ரூபாவுக்குத் துணையாக நான் போனேன். அவளே புருஷோத்தமனிடம் கேட்டாள்.

"சார், ரேஸுக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் கீது. எனக்காகத்தானே சார் இது வந்துச்சு?"

"உனக்காகத்தாம்மா. எவரு காதன்னாரு? யாரு இல்லன்னாங்க? ஃபைல்ல உன் பேருதான் கீது. காலைல இன்னா துன்ன?"

"நாலு முட்டை சார். கோச் சொன்னாரு."

புருஷோத்தமன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "முட்டை துன்னுட்டு மலை ஏறுவியா?"

"இது கூடாரம் சார்."

"ஒன்பதாயிரம் அடிம்மா! ஏழு மலைய விட உசரம். மெஷின்ல நம்பர் பாரு."

பார்த்தோம். அப்படித்தான் போட்டிருந்தது.

ரூபா நாலு நாள் முட்டையை விட்டுவிட்டு மறுபடியும் போய் நின்றாள். சரியாக இருபத்தோரு நாள் பாக்கி.

"முட்டைய வுட்டுட்டேன் சார்."

"சந்தோஷம். லெட்டர் எங்க?"

"சைக்கிள் ஓட்றது நானு. எனக்கு இன்னாத்துக்கு சார் லெட்டர்?"

"சாமி கும்புட வர்றவனே லெட்டர் எத்துக்கினு வர்றான். நீ இன்னா, அவ்ளோ பெரிய ஆளா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த நாடு உருப்படாது என்று அங்கேயே சத்தமாகச் சொன்னேன். கடிதம் வாங்கியே தீருவது என்று சபதம் செய்து, நேராக எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனேன்.

ரூபா நகரியின் முழுக் காற்றில் தூங்கி எழுந்து இமயமலைக்குப் போனாள். இரண்டாவது ஏற்றத்திலேயே மூச்சுத் திணறி விழுந்தாள். ஆக்ஸிஜன் வைத்து இறக்கினார்கள். ஊர் திரும்பிய மறுநாள் மையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது: "தங்கள் பொருட்டு அரசு நிறுவிய உயரத்தைத் தாங்கள் பயன்படுத்தத் தவறியது ஏன் என ஏழு நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்."

கன்னையா அதை என்னிடம் கொண்டுவந்தான். "நீங்கதான் சார் நல்லா எழுதுவீங்க. அந்த எம்.எல்.ஏ. லெட்டர் இன்னா ஆச்சுன்னு புள்ள கேக்குது."

"எங்க குடுத்தான்? அரசியல்வாதிங்க எல்லாம் அப்பிடித்தான் கன்னையா."

கடிதம் அன்றைக்கே கிடைத்துவிட்டது. பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே நான் எழுதிய பெயருக்கு உரியவள், என் மனைவி சுலோசனா, காபியோடு வந்து நின்றாள். திருப்பதியில் தங்கை வீட்டில் இருபத்தோரு நாள் இருந்துவிட்டு வந்தவள். ஆறு கிலோ குறைந்திருந்தாள்.

கன்னையா பதறிப்போனான். "இன்னாம்மா, இப்பிடி எளச்சுப் பூட்டீங்க? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

நான் பேனாவை எடுத்து, "தவறு முழுக்க என்னுடையதே, மன்னிக்கவும்" என்று ரூபாவின் பெயரில் அழகாக எழுதி, அவள் கையெழுத்து வாங்கி வரும்படி அவனிடம் நீட்டினேன்.