வெளி மாநிலத்தில் ஒரு குளியலறை

கட்டிலின் நான்கு கால்களும் ஒரே மாநிலத்தில் நிற்கவில்லை. அதுதான் பிரச்சினை.

"தலைமாடு இந்தப் பக்கம்தான் சார், நல்லாப் பாருங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். ஊரில் பாதி மூக்குகளின் மேல் அவர் மாட்டிவிட்ட மூக்குக்கண்ணாடிதான் உட்கார்ந்திருந்தது.

"கால்மாடு அந்தப் பக்கம் போகுதே" என்றார் இருப்பிடம் சரிபார்க்க வந்திருந்த ஆய்வாளர். கைபேசியைத் தரையோரமாகப் பிடித்து, வரைபடத்தில் தள்ளாடிய நீலப் புள்ளியைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

இரண்டு மாநிலங்களையும் பிரித்த புண்ணியவான் கோடு போடும்போது தும்மியிருக்க வேண்டும். அது அந்தத் தெருவில் ஒரு வரிசை வீடுகளுக்குள்ளேயே புகுந்து போய்விட்டது. கூடம் இந்த மாநிலம். சமையலறை, பெரிய அறை, குளியலறை எல்லாம் அந்த மாநிலம். நடுவில் மகளின் அறை பாதிக்குப் பாதி. இத்தனை வருஷமாக இதனால் யாருக்கும் தலைவலி வந்ததில்லை. மகள் இந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்ததும் வந்துவிட்டது.

அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி. கடையை விற்றாலும் முதல் வருஷத்தைத் தாண்டாது. அவள் கேட்ட படிப்பில் ஒன்றே ஒன்று தவிர எல்லா இடமும் உள்மாநிலத்தாருக்குத்தான். அந்த ஒன்று வெளிமாநிலத்தாருக்கு. ஒற்றை இடத்துக்கு எவன் போய் நிற்பான்? அந்தப் பக்கத்து ஆட்கள்கூட அத்தை வீடு, மாமா வீடு என்று இந்தப் பக்கத்து விலாசம் தேடி அலைந்தார்கள்.

"பொண்ணு எங்க தூங்குதோ அதான் அது மாநிலம்" என்றார் ஆய்வாளர்.

கட்டில் கூடத்துக்கு வந்தது. சோபா பெரிய அறைக்குப் போனது. தெருவே அப்படித்தான் செய்தது. அந்த வரிசை வீடுகள் எல்லாம் முன்பாரம் தாங்காமல் தெருவில் குப்புற விழுந்துவிடும் போலிருந்தன.

ஆய்வாளருக்கு நீலப் புள்ளி தெளிவாகத் தெரியட்டும் என்று கண்ணாடிக்கடைக்காரர் நல்லெண்ணத்தோடு ஒரு புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

"ஆஹா! இப்ப பளிச்சுன்னு இருக்கு சார்" என்று ஆய்வாளர் பூரித்துப்போனார். அடுத்த நொடியே கழுத்தை நீட்டினார். "அடடே, அடுப்பு அந்தப் பக்கத்துல எரியுதே!"

"இவருக்குக் கண்ணு தெரியலைன்னு உங்ககிட்ட யாரு அழுதா?" என்று மனைவி முணுமுணுத்தாள்.

அடுப்பும் கூடத்துக்கு வந்தது. மகள் கட்டிலில் உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். தாளிக்கும் புகையில் தும்மினாள். தும்மிய வேகத்தில் படித்ததில் பாதி பறந்தது. சாப்பாட்டு மேசையைத் திருப்பிப் போட இடமில்லாததால் தட்டு இந்த மாநிலத்திலும் டம்ளர் அந்த மாநிலத்திலும் இருந்தன. கண்ணாடிக்கடைக்காரர் தண்ணீர் குடிக்கவே பயந்தார்.

"குளிக்கிறது மட்டும் அங்கதான் சார். அதுக்கு என்ன பண்ண?"

"அது போயிட்டு வர்ற பயணம். பரவாயில்லை. ஆனா பின்பக்கம் இப்படிக் காலியாக் கிடந்தா, நான் போனதும் கட்டிலைத் தள்ளிடுவீங்கன்னுதான் மேல நினைப்பாங்க. யாரையாவது குடிவச்சிருங்க. பேச்சே இருக்காது."

மறுநாளே பின்சந்து வழியாக ஓர் அம்மாவும் மகளும் வீடு கேட்டு வந்தார்கள். அந்த அம்மாளின் கணவருக்கு எந்நேரமும் வெளி வேலையாம். வாடகையைக்கூடச் சரியாகப் பேசாமல் கண்ணாடிக்கடைக்காரர் சாவியைக் கொடுத்தார். ஆய்வாளரும் 'உள்மாநிலம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

அதன்பின் வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்கே புரியவில்லை. காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொந்தக் கதவைத் தட்டி நிற்பார்.

"தங்கச்சி, கொஞ்சம் வெளிமாநிலம் போயிட்டு வரலாமா?"

"பொண்ணு குளிக்குதுண்ணே. அப்புறமா வாங்க."

ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் தட்டாமலே உள்ளே போய், பெரிய அறையில் கிடந்த தன் சோபாவில் சாய்ந்துவிட்டார். "திருடன்!" என்ற கூச்சலில் இரண்டு மாநிலமும் விழித்துக்கொண்டன.

"நம்ம வீட்டுலயே நம்மளைத் திருடனாக்கிட்டீங்களே" என்றாள் மனைவி.

"எல்லாம் பொண்ணு சீட்டுக்காகத்தாண்டி."

"அப்பா, பேசாம இருங்க. படிக்கணும்" என்றாள் மகள், குக்கர் விசிலுக்கு மேலே குரலை உயர்த்தி.

முடிவு வந்தது. மகளுக்கு எண்பத்தெட்டு மார்க். உள்மாநிலத்துக் கடைசி இடம் தொண்ணூறோடு போய்விட்டது. காத்திருப்போர் பட்டியலில் அவளுக்கு முன்னால் ஒரு சின்ன நகரமே நின்றது. அவள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். கண்ணாடிக்கடைக்காரர் கடைக் கணக்குப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விற்றால் என்ன கிடைக்கும்?

அப்போது உள்பக்கக் கதவு தட்டப்பட்டது. குடியிருக்கும் பெண், கையில் இனிப்புப் பெட்டியோடு.

"மாமா, எனக்கு சீட்டு கிடைச்சிருச்சு! அதே படிப்பு!"

"அப்படியா! எவ்வளவும்மா மார்க்கு?"

"நாப்பத்தொண்ணு."

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். காது கேட்பதற்கும் அது உதவும் என்று நினைத்தாரோ என்னவோ. "நாப்பத்தொண்ணுக்கா?"

"வெளிமாநிலத்து சீட்டு மாமா. எல்லாரும் உள்மாநிலம் ஆயிட்டாங்கல்ல, அதுக்குப் போட்டதே நான் ஒருத்திதான்."

கட்டிலில் குப்புறக் கிடந்த மகள் மெதுவாகத் திரும்பினாள்.

"இந்த யோசனையை உனக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அப்பாதான் மாமா. நீங்க குடுத்த கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்த அன்னைக்கே சொன்னாரே, 'அந்த வீட்டுக் கட்டில் நகர்ந்தாச்சு, இனி உனக்குப் போட்டிக்கு ஆளே இல்லை'ன்னு!"